எங்கள் மகள்மாரின் உடல்நலம்: எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனாலும் 'எங்கள்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த உரையை எங்கள் வகுப்பு நண்பிகள் சேர்ந்தே ஆயத்தம் செய்தோம். எங்களில் சிலர் வைத்தியத்துறையில் இருக்கிறோம். சிலர் ஆசிரியைகள். பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நூற்றாண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசலாம் என்று எங்கள் குழுவில் கேட்டோம். பாடசாலையின் வரலாறு, பெண் கல்வி என்று பல யோசனைகள் வந்தன. கடைசியாக ஒருத்தி எழுதினாள்: "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தராததைப் பற்றிக் கதையுங்கோ." அதற்குப் பிறகு வேறு யோசனை வரவில்லை.

அவள் ஏன் அப்படி எழுதினாள் என்பதை முதலில் சொல்கிறோம். சொல்வதற்கு அவளே அனுமதி தந்திருக்கிறாள். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது எங்களுக்குப் பதினான்கு, பதினைந்து வயது. மழை. சப்பாத்தும் புத்தகமும் இல்லாமல் வந்து சேர்ந்தோம். ஒரு பாடசாலையின் வகுப்பறையில் ஐந்தாறு குடும்பங்கள். ஒரே கிணறு. சவர்க்காரம் கிடைப்பதே பெரும்பாடு. மாதவிடாய்த் துணியைத் தோய்த்தால் காயப்போட இடமில்லை. ஆண்கள் நடமாடும் இடம் என்பதால், கொடியில் வேறு உடுப்புக்குக் கீழே மறைத்துப் போடுவோம். அரைகுறையாகக் காய்ந்த துணியையே திரும்பக் கட்டுவோம்.

எங்கள் நண்பிக்கு அந்த நாட்களில் கடி தொடங்கியது. பிறகு தோல் சிவந்து வெடித்தது. தயிர் திரைந்தது போல வெள்ளை பட்டது. நடக்கும்போது எரிவு. ஆறு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்த எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. "அம்மாட்டச் சொன்னா, நான் ஏதோ பிழை செய்திட்டன் எண்டு நினைப்பா எண்டு பயந்தன்" என்று இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாள். ஊர் திரும்பிய பின் 1996இல், வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்து விசாரித்தார், அழுதுகொண்டு சொன்னாள். அது பங்கசுத் தொற்று. ஒரு கிழமை மருந்தோடு மாறிவிட்டது.

ஆறு மாதப் பயத்துக்கு ஒரு கிழமை மருந்து. இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

சடங்கு செய்தோம், பிறகு கதைக்கவில்லை

எங்கள் சமூகத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் ஊருக்கே தெரியும். முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குவோம். உழுத்தங்களி கிண்டுவோம். நாள் பார்த்துத் தண்ணீர் வார்த்து, மண்டபம் எடுத்து, வீடியோவும் பிடிப்போம். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? விஞ்ஞானப் பாடத்தில் அந்த அத்தியாயத்தை "வீட்டில் வாசியுங்கோ" என்று தாண்டிப் போனதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. ஆசிரியைமாரில் குற்றமில்லை, அவர்களுக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சொல்லே இல்லாமல் போனதும் ஒரு காரணம். "அந்த இடம்", "கீழ்ப்பக்கம்", "வயிற்றுக்குத்து" என்று பிள்ளைகள் வைத்தியரிடம் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். வெளியே தெரியும் பகுதி யோனிமடல். உள்ளே கருப்பை வரை போகும் பாதை யோனி. சிறுநீர் வரும் துவாரம் இவற்றோடு சேர்ந்து இருந்தாலும் வேறானது. இந்த மூன்றும் பாடப்புத்தகச் சொற்கள்தான். காது, மூக்கு என்று சொல்வது போலச் சொல்லிப் பழக்கினால், எங்கே நோகிறது என்று பிள்ளை தெளிவாகச் சொல்லும்.

எதற்குப் பயப்படத் தேவையில்லை

வெள்ளைபடுதல் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மம்மாமார் "எலும்பு உருகிப் போகுது" என்பார்கள். எலும்பு உருகுவதில்லை. முதல் மாதவிடாய் வருவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னரே சிறிது வெள்ளை படத் தொடங்கும். ஓமோன்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது அடையாளம். நிறமில்லாமல் அல்லது பால் நிறத்தில் இருக்கும். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும். உள்ளாடையில் காய்ந்தால் இலேசான மஞ்சளாகத் தெரியும். கடியில்லை, எரிவில்லை, நாற்றமில்லை என்றால் அது நோயில்லை.

இரண்டாவது, மணம். அந்தப் பகுதிக்கு என்று இயல்பான ஒரு மணம் உண்டு. பருவமடைந்த பின் யோனிக்குள் நன்மை செய்யும் பற்றீரியாக்கள் அமிலத்தன்மையை உண்டாக்கி மற்றக் கிருமிகளைத் தடுக்கின்றன. யோனி தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும். அதற்குள் சவர்க்காரமோ கிருமிநாசினியோ வாசனைத் திரவமோ விட்டுக் கழுவினால் அந்தப் பற்றீரியாக்கள்தான் முதலில் சாகும். பிறகுதான் உண்மையான தொற்று வரும். வெளிப்புறத்தை நாளுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை தண்ணீரால் கழுவினால் போதும். சவர்க்காரம் வேண்டுமென்றால் மணமில்லாத மென்மையானது, அதுவும் வெளியே மட்டும்.

மூன்றாவது, உருவம். யோனிமடலின் இதழ்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. நிறமும் மற்றத் தோலைவிடக் கருமையாக இருக்கும். முகம் எப்படி ஆளுக்கு ஆள் வேறோ அப்படித்தான். இணையத்தில் பார்த்த படத்தை வைத்துத் தங்களிடம் குறை இருப்பதாக நினைக்கும் பிள்ளைகள் இப்போது எங்களிடம் வருகிறார்கள். வெண்மையாக்கும் பூச்சுகளைப் பூசிப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு.

நான்காவது, ஒழுங்கில்லாத மாதவிடாய். முதல் இரண்டு மூன்று வருடங்களில் 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி முன்பின்னாக வருவது வழமை. இதற்காகப் பிள்ளையை மருந்துக்கு மேல் மருந்தாக வதைக்க வேண்டியதில்லை.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். மலரில் வாசிப்பவர்கள் இந்தப் பக்கத்தை மகளிடமும் கொடுக்கலாம்.

கடியும் சிவப்பும் சேர்ந்து, திரைந்த பால் போலக் கட்டியாக வெள்ளை பட்டால் அது பெரும்பாலும் பங்கசுத் தொற்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்த பிறகும், ஈரமான இறுக்கமான உடுப்போடு நெடுநேரம் இருந்தாலும் வரக்கூடும். அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறமாக, மீன் வெடுக்கு மணத்தோடு பட்டால் அது வேறு வகை, மருந்தும் வேறு. எனவே பாமசியில் போய் "கடிக்கு ஒரு கிறீம்" என்று வாங்கிப் பூசாதீர்கள். அப்படி விற்கும் பூச்சுகள் பலவற்றில் ஸ்ரீரொயிட் கலந்திருக்கும். இரண்டு நாள் சுகம் போலத் தெரியும், பிறகு பங்கசு இரட்டிப்பாகப் பரவும், தோலும் மெலியும்.

மஞ்சளாக, பச்சையாக, துர்நாற்றத்தோடு, அல்லது மாதவிடாய் அல்லாத நாளில் இரத்தம் கலந்து பட்டால் தாமதிக்க வேண்டாம். அதோடு காய்ச்சலும் அடிவயிற்று நோவும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

சிறுநீர் கழிக்கும்போது எரிவு, அடிக்கடி முட்டுதல் என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். காய்ச்சலும் முதுகுப்புற நோவும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கக்கூடும். இதற்கும் பாடசாலைக்கும் உள்ள தொடர்பைப் பிறகு சொல்கிறோம்.

மாதவிடாய் எட்டு நாளுக்கு மேல் நீடித்தால், ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், பிள்ளை வெளிறித் தலைசுற்றி விழுந்தால், "எங்கட பரம்பரையே இப்பிடித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பரம்பரையாக வரும் இரத்தம் உறையாமைக் குறைபாடு சில பெண்களில் முதல் மாதவிடாயில்தான் தெரிய வருகிறது. அம்மாவுக்கும் பல் பிடுங்கும்போது இரத்தம் நிற்கவில்லையா என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

மாதவிடாய் நோவால் பிள்ளை மாதம்தோறும் பாடசாலைக்குப் போகாமல் படுத்தால், அது பொறுத்துப் போக வேண்டிய நோவு இல்லை. அதற்கு மருந்து உண்டு. மருந்துக்கும் அடங்காத நோவென்றால் எண்டோமெற்றியோசிஸ் என்ற நோயையும் யோசிக்க வேண்டும். அது கலியாணம் கட்டிய பெண்களுக்கு மட்டும் வருவதில்லை. பதின்ம வயதிலேயே தொடங்கும்.

திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் தாங்க முடியாத நோவும் சத்தியும் வந்தால், சூலகம் முறுகியிருக்கலாம். சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சில மணித்தியாலங்கள் பிந்தினால் சூலகத்தை இழக்க நேரிடும்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் ரம்பொன் பாவிக்கிறார்கள். நான்கு முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும். மறந்து உள்ளே விட்டால் நாற்றம் எடுக்கும். ரம்பொன் பாவிக்கும் நாட்களில் திடீர்க் காய்ச்சல், உடம்பில் சிவப்பு, மயக்கம் வந்தால் அதை எடுத்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அரிதானது, ஆனால் உயிராபத்தானது.

பதின்மூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டால், பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால், ஒரு தடவை காட்டுங்கள். இதில் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும்.

வைத்தியர்களாகிய எங்களிடம் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியே சொல்கிறோம். மாதத்தில் மூன்று நான்கு நாள் அடிவயிறு நோகும், பிறகு மாறிவிடும். பெரியபிள்ளையாகவில்லை என்று வீட்டில் கவலை. சாதகம் பார்த்தார்கள், நேர்த்தி வைத்தார்கள். ஒரு நாள் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டு இரவு கொண்டு வந்தார்கள். பார்த்தால், யோனியின் வாசலில் இருக்கும் மென்சவ்வு பிறப்பிலேயே துவாரமில்லாமல் மூடியிருந்தது. அவள் எப்போதோ பெரியபிள்ளையாகிவிட்டாள். மாதாமாதம் வந்த இரத்தம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கியிருந்தது. சிறிய சத்திரசிகிச்சை ஒன்று. ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போனாள். முதல் தடவை வயிறு நொந்தபோதே வந்திருந்தால் இத்தனை மாதம் துடித்திருக்க மாட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்டோம். தாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "டொக்டர் உள்ளுக்க சோதிச்சா பிள்ளையின்ர வாழ்க்கை போயிடும் எண்டு பயந்தம்."

வைத்தியர் என்ன செய்வார்

அந்தப் பயத்துக்கு இந்த மேடையிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளை வந்தால் முதலில் கேள்விதான் கேட்போம். தேவையென்றால் வெளிப்புறத்தை மட்டும் பார்ப்போம். அப்போது தாயோ பெண் தாதியோ பக்கத்தில் இருப்பார்கள். பிள்ளை வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவோம். கலியாணமாகாத பிள்ளைக்கு வழமையாக உட்பரிசோதனை செய்வதில்லை. ஸ்கான் எடுப்பதென்றாலும், நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றுக்கு மேலாலேயே எடுப்போம். மென்சவ்வைப் பார்த்து ஒரு பெண் எப்படிப்பட்டவள் என்று சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. பலருக்கு அது பிறப்பிலேயே மெல்லியதாக இருக்கும், விளையாட்டிலும் விரியும்.

இன்னொன்று: கொஞ்ச நேரம் பிள்ளையோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று வைத்தியர் கேட்டால், அம்மாமார் கோபிக்காதீர்கள். தாய்க்கு முன்னால் வராத கேள்வி அப்போது வரும். சில வேளை, சொல்ல முடியாத ஒன்றும் வரும். ஒரு பிள்ளைக்கு அந்த இடத்தில் நோவு, காயம், இரத்தம், அல்லது காரணம் தெரியாத தொற்று என்றால், யாராவது அவளைத் துன்புறுத்தியிருக்கலாம் என்பதையும் நாங்கள் யோசித்தே ஆக வேண்டும். செய்தவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருப்பார். பிள்ளை சொன்னால் நம்புங்கள். அவளைக் குளிப்பாட்டி உடுப்பை மாற்றுவதற்கு முன் வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். எங்கள் நாட்டில் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி. நாள் தள்ளிப்போன பிள்ளையையும் அப்படித்தான். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எங்கே போவது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமே தொடங்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகலாம். ஏழாம், பத்தாம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போதும் பிள்ளை கேட்கலாம். வைத்தியசாலைகள் சிலவற்றில் இளையோருக்கென்றே 'யொவுன் பியச' என்ற நிலையங்கள் உண்டு. பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு: பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையும் குடும்ப வைத்தியரைத் தனியாகச் சந்திக்கலாம். அதை உங்கள் மேல் உள்ள நம்பிக்கைக் குறைவு என்று எடுக்க வேண்டாம்.

ஆறாம் தரத்தில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசி 2017இல் எங்கள் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. "சின்னப் பிள்ளைக்கு ஏன்?" என்று சில பெற்றோர் மறுக்கிறார்கள். வைரசு தொற்றுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பயன். வெளிநாடுகள் பலவற்றில் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். எங்களுக்குக் கிடைக்காததை மகளுக்கு மறுக்காதீர்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

சிறுநீர்த் தொற்றுக்கும் பாடசாலைக்கும் உள்ள தொடர்பைச் சொல்வதாகச் சொன்னோம். இந்த உரைக்காக இங்கே படிக்கும் மாணவிகள் சிலரோடு கதைத்தோம். "காலமை தண்ணி குடிக்கிறேல்லை அக்கா, குடிச்சா ரொய்லட் போகவேணும்" என்றார்கள். ஏழு மணிக்கு வீட்டிலிருந்து புறப்படும் பிள்ளை இரண்டு மணி வரை சிறுநீரை அடக்குகிறது. மாதவிடாய் நாளில் காலையில் வைத்த பாட்டோடே வீடு திரும்புகிறது. நான்கு ஐந்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள் என்று நாங்கள் எத்தனை உரை ஆற்றினாலும், மாற்றுவதற்கு இடம் வேண்டும். நாங்களும் இதே போலத்தான் இங்கே அடக்கிக்கொண்டு இருந்தோம். உங்களில் எத்தனை பேர் அப்படி இருந்தீர்கள் என்று கையைத் தூக்கச் சொன்னால், அக்காமாரும் தூக்குவீர்கள் என்று நினைக்கிறோம்.

நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டுவது பற்றிச் சங்கம் யோசித்து வருகிறது. வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு முன்னால் மாணவிகளின் மலசலகூடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே பூட்டும் கொண்டி, தண்ணீர் வரும் குழாய், ஒரு வாளி, மூடியுள்ள குப்பைக்கூடை, கை கழுவச் சவர்க்காரம், அவசரத்துக்கு எடுக்க ஒரு அலுமாரியில் பாட். அதைத் துப்புரவு செய்பவருக்கு ஒழுங்கான சம்பளம். எங்கள் வகுப்பு இதற்கான முதல் தொகையைச் சேர்த்துவிட்டது. இன்று மாலை பொருளாளர் அக்காவிடம் கையளிப்போம். மற்ற வகுப்புகளும் சேர்ந்தால் பராமரிப்புக்கும் போதுமாக இருக்கும்.

முதல் காசோலையை அனுப்பியவள் அந்த நண்பிதான். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயதில் ஒரு மகள். போன வருடம் ஒரு நாள் இரவு குசினியில் வந்து நின்று, "அம்மா, எனக்கு அங்க கடிக்குது" என்று தமிழில் சொன்னாளாம். அடுத்த நாளே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். புதிதாக வாங்கிய சலவைத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை. தூளை மாற்றியதும் சரி. அதை எங்கள் குழுவில் எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்: "எனக்கு ஆறு மாசம். அவளுக்கு ஒரு நாள்."

உங்கள் வீட்டிலும் அந்த இடைவெளி ஒரு நாளாகக் குறையட்டும். இன்றிரவு மகளோடும் பேத்தியோடும் ஒரு தடவை இருந்து கதையுங்கள்.